கழட்டின வரிசையில வை கண்ணு



போன தடவை மஞ்சள் வேகவெச்ச கதையோட நிறுத்தியிருந்தேன். அதுக்கப்புறம் ரெண்டு மாசம் இந்தப் பக்கமே வரலை. தோட்டத்து வேலை ஒரு காரணம், பெரிய காரணம் பேத்தி. சென்னையில நாலாவது முடிச்சுட்டு மே மாச லீவுக்கு வந்திருந்தா. ஒன்பது வயசு. மஞ்சள் விலை என்னாச்சுன்னு பார்க்க வந்தவங்க மன்னிக்கணும், இன்னைக்கு அதில்லை.

மகதான் கொண்டாந்து விட்டா. மறுநாளே அவளுக்கு வேலைக்குப் போகணும். கோபி பஸ் ஸ்டாண்டுல பஸ் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொன்னா.

"அப்பா, நீங்க எதையாவது கழட்டிக்கிட்டு இருக்கறப்ப அவ பக்கத்துல வந்து உக்காந்தா, போன்னு மட்டும் சொல்லிராதீங்க."

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. நான் பதில் சொல்லலை. பஸ் போயிருச்சு. டி.வி.எஸ். 50-ல வீடு வந்து சேர்ற வரைக்கும் எனக்கு அதே நெனப்புதான். அவ எதைச் சொல்றான்னு எனக்கு நல்லாத் தெரியும்.

2000-மாவது வருசம், சித்திரை மாசம். கிணத்துல இருந்த அஞ்சு குதிரைச் சக்தி மோனோபிளாக் மோட்டார் திடீர்னு தண்ணி எடுக்க மாட்டேன்னுருச்சு. ஓடுது, சத்தம் வருது, தண்ணி இல்லை. புட் வால்வைப் பார்த்தாச்சு, சரியா இருக்குது. மச்சானும் நானுமாச் சேர்ந்து கயித்தைக் கட்டி மேல தூக்கிக் களத்துல வெச்சுக் கழட்டினோம். அப்ப மகளுக்கு ஒன்பது வயசு, மகனுக்கு ஏழு. ரெண்டு பேரும் ஓடி வந்து குத்தவெச்சு உக்காந்தாங்க.

மகன்கிட்ட போல்ட்டை எல்லாம் குடுத்து சாக்கு மேல வரிசையா வைக்கச் சொன்னேன். அவன் வெச்சான். மக குனிஞ்சு உள்ள எட்டிப் பார்த்துட்டே இருந்தா. அப்பறம் கேட்டா:

"அப்பா, தண்ணி இந்த நடு ஓட்டை வழியாத்தானே உள்ள போகுது? வெளிய வர்ற குழாய் ஓரத்துல இருக்குதே. நடுவுல இருந்து ஓரத்துக்கு அதை யாரு தள்ளறது?"

நான் என்ன சொன்னேன்னா, "உனக்கெதுக்கு இதெல்லாம்? பாவாடையெல்லாம் கிரீஸ் ஆயிரும். போயி அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணு."

எந்திரிச்சுப் போயிட்டா. அழவெல்லாம் இல்லை. சும்மா போயிட்டா.

இப்ப யோசிச்சா, அந்த மோட்டாரோட சூட்சுமமே அந்தக் கேள்விதாங்க. உள்ள இருக்குற இம்பெல்லர் வேகமாச் சுத்தறப்ப நடுவுல வந்த தண்ணியை ஓரத்துக்கு வீசி அடிக்குது. அதைச் சுத்தி இருக்குற கூடு நத்தை ஓடு மாதிரி வர வர அகலமாகி வாய்ல போயி முடியும். ஓரத்துக்கு வந்த தண்ணிக்கு அந்த வாயை விட்டா வேற வழி இல்லை. அன்னைக்கு எங்க மோட்டார்ல இம்பெல்லர் தேஞ்சு போயிருந்துச்சு, அதனால வீச முடியலை. அதாவது மக கேட்ட இடத்துலயேதான் கோளாறும் இருந்துச்சு. மகன் அன்னைக்குக் கேட்ட ஒரே கேள்வி, "நான் ஒரு சுத்து சுத்தட்டுமா?"

அதுக்கப்பறம் அவ நான் வேலை செய்யற பக்கம் வர்றதை நிறுத்திட்டா. நானும் கவனிக்கலை. மகன் என் கூடவே கிடந்தான். ஸ்பிரேயர், சைக்கிள், சொட்டு நீர்க் குழாய், கடலை உடைக்கிற மிஷின்னு எதைக் கழட்டினாலும் பக்கத்துல அவன்தான்.

மக நல்லாப் படிப்பா. பிளஸ் டூ-வுல நல்ல மார்க். 2008-ல கோயமுத்தூர் பக்கம் ஒரு காலேஜ்ல சிவில் எஞ்சினியரிங் சேர்ந்தா. எங்க சொந்தத்துல முதல் எஞ்சினியர். ஊரெல்லாம் மிட்டாய் குடுத்தேன். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்த அன்னைக்கு ராத்திரி ஹாஸ்டல்ல இருந்து போன் பண்ணினா. எஞ்சினியரிங் கிராபிக்ஸ்னு ஒரு பாடம், அதுல அரியர்.

"அப்பா, ஒரு உருவத்தைக் குடுத்து, இதை மேல இருந்து பார்த்தா எப்படி இருக்கும், முன்னால இருந்து பார்த்தா எப்படி இருக்கும், சாய்வா அறுத்தா எப்படி இருக்கும்னு வரையச் சொல்றாங்க. கண்ணை மூடிட்டுத் திருப்பிப் பார்க்கறேன், எனக்கு ஒண்ணுமே திரும்ப மாட்டேங்குது. பசங்க பாதிப் பேரு சும்மா போட்டுட்டுப் போறாங்க. நம்ம தம்பிகூடப் போட்ருவான்பா. எனக்கு மட்டும் ஏன் வரலை?"

"நல்லாப் படிச்சா வரும் அம்மிணி"ன்னு சொன்னேன். வேற என்ன சொல்லறதுன்னு எனக்குத் தெரியலை. பத்தாவது படிச்ச ஆளு நான். எஞ்சினியரிங் பாடம் கஷ்டமாத்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். ஆனா "தம்பிகூடப் போட்ருவான்"னு சொன்னாளே, அது மட்டும் உள்ள எங்கயோ தச்சு நின்னுருச்சு.

ஏன்னா அது உண்மை. மகன் பத்தாவதுல கணக்குல 41 மார்க். ஆனா ஒரு மெஷினைக் கழட்டி நாலு நாள் கழிச்சுக் குடுத்தாலும் எந்த நட்டு எந்தப் பக்கம்னு தடவியே சொல்லிருவான். இப்ப திருப்பூர்ல நிட்டிங் மெஷின் பார்க்கறான். ஆம்பளப் பையன், அவனுக்குப் பிறவியிலேயே அப்படின்னு நானும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். அவன் ஏழு வயசுல இருந்து என் பக்கத்துல சாக்குக்கு முன்னால உக்காந்திருந்ததை யாரும் கணக்குல எடுத்துக்கலை.

அந்தச் சாக்கைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அது எங்கப்பா பழக்கம். எதைக் கழட்டினாலும் முதல்ல ஒரு சாக்கை விரிப்பாரு. முதல்ல கழட்டினது இடது ஓரம், அடுத்தது அதுக்குப் பக்கத்துல, எந்த முகம் மேல பார்த்து இருந்துச்சோ அதே மாதிரி வைக்கணும். மாட்டறப்ப வலது ஓரத்துல இருந்து திரும்பி வரணும். கேக்கறதுக்குச் சுலபமா இருக்குது. ஆனா ஒரு பிள்ளை அப்படி வைக்கறப்ப ஒரு மெஷினையே நீட்டி ஒரு கோடா மாத்திருது பாருங்க. உள்ளுக்குள்ள ஒண்ணுக்குள்ள ஒண்ணு இருந்ததெல்லாம் இப்ப பக்கத்துப் பக்கத்துல கிடக்குது. மறுபடி உள்ள போட்டா முழுசாகுது. பத்து தடவை அப்படிச் செஞ்ச பிள்ளைக்கு மூடி இருக்குற சாமானைப் பார்த்தாலே உள்ள என்ன இருக்கும்னு ஒரு அனுமானம் வந்துருது.

இதுக்கு ஸ்பேஷியல் திங்கிங்னு பேராம், மக சொல்லித்தான் தெரியும். ஒரு எண்ணெய் ஊத்தற புனலை எடுத்துக்குங்க. மேல இருந்து பார்த்தா பெரிய வட்டத்துக்குள்ள ஒரு சின்ன வட்டம். பக்கத்துல இருந்து பார்த்தா கீழ் நோக்கின முக்கோணம், அதுக்கடியில ஒரு குச்சி. ரெண்டும் ஒரே புனல்தான்னு கையில வெச்சுத் திருப்பினவனுக்குச் சொல்லவே வேண்டாம். படத்துல மட்டும் பார்த்தவளுக்கு அது ரெண்டு தனித்தனிப் படம். என் மகளுக்கு நடந்தது அதுதான்.

சரி, பேத்தி கதைக்கு வர்றேன்.

வந்த மூணாம் நாள், சைக்கிளுக்குக் காத்தடிக்கிற பம்பு காத்து ஏத்தலை. கொட்டாயில சாக்கை விரிச்சு உக்காந்தேன். கொஞ்ச நேரத்துல நிழல் விழுந்துச்சு. பேத்தி நிக்கறா.

"அப்புச்சி, நானும் உக்காரட்டுமா?"

எங்க பக்கம் அம்மாவோட அப்பாவை அப்புச்சின்னுதான் கூப்பிடுவாங்க.

"உக்காரு கண்ணு. நீயே கழட்டு"ன்னு பம்பை அவ கையில குடுத்தேன்.

மேல் மூடியைத் திருக முடியாம முக்கினா. எந்தப் பக்கம் திருகறதுன்னு தெரியலை. சென்னைப் பிள்ளைங்களுக்குத் தண்ணி பாட்டிலுந்தான் திருகுமூடி, ஆனா கைக்குத் தெரிஞ்சது மனசுக்குத் தெரியறதில்லை. "தண்ணி பாட்டில் எப்படித் திறப்பே?"ன்னேன். உடனே பிடிச்சுக்கிட்டா. தண்டை வெளிய இழுத்தா. நுனியில தோல் வாசர். காஞ்சு மொரமொரன்னு இருந்துச்சு. ஒரு ராத்திரி தேங்காய் எண்ணெயில ஊறப் போட்டோம். காலையில மெத்துனு ஆயிருச்சு. இப்ப மாட்டணும்.

அவ தலைகீழா மாட்டினா.

அந்த வாசர் ஒரு குட்டிக் கிண்ணம் மாதிரி இருக்கும். கிண்ணத்து வாய் கீழ பார்த்து இருக்கணும். அழுத்தறப்ப காத்து கிண்ணத்துக்குள்ள முட்டி, ஓரத்தை விரிச்சுக் குழாயோட சுவரை ஒட்ட வைக்கும். காத்து மேல தப்பிக்க முடியாது. அவ வாயை மேல பார்த்து வெச்சா. எனக்குக் கை பரபரங்குது. வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கறது இருக்குதே, கிணறு வெட்டறதைவிடக் கஷ்டமுங்க.

அடிச்சுப் பார்த்தா. புஸ்ஸுனு மேல வழியாப் போகுது. மறுபடி கழட்டினா. வாசரைக் கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. அதை உள்ளங்கையில கவுத்து வெச்சு அழுத்தினா. பிறகு நிமித்தி வெச்சு அழுத்தினா. அப்பறம் ஒண்ணும் சொல்லாம மாத்தி மாட்டினா. டியூபுல காத்து ஏறுச்சு.

"ஏன் கண்ணு மாத்தினே?"

"கிண்ணத்துல பிடிச்சாத்தானே காத்து நிக்கும் அப்புச்சி."

நான் விடலை. எங்க ஊர் மாரியம்மன் கோயிலுக்கு முன்னால ஒரு அடிபம்பு இருக்குது. அதுக்குள்ளயும் இதே மாதிரித் தோல் கிண்ணம் உண்டு. "அதுல வாய் எந்தப் பக்கம் இருக்கும்?"னு கேட்டேன். "கீழ"ன்னு டக்குனு சொன்னா. தப்புன்னு சொல்லலை. "போயி நாலு தடவை அடிச்சுட்டு வா, அப்பறம் சொல்லு"ன்னேன்.

ராத்திரி வாசல்ல கயித்துக் கட்டில் போட்டுப் படுத்திருந்தோம். தூங்கிட்டான்னு நெனச்சேன். இருட்டுல குரல் வருது.

"அப்புச்சி, மேல."

"என்ன மேல?"

"அடிபம்புல கிண்ணத்துக்கு வாய் மேல. அது தண்ணியைத் தூக்கிட்டு மேல வரணுமே. சைக்கிள் பம்பு காத்தைக் கீழ தள்ளுது. ரெண்டும் வேற வேற."

கண்ணுல பார்க்காத ஒண்ணை, தரைக்கடியில குழாய்க்குள்ள கிடக்கறதை, கட்டில்ல படுத்துக்கிட்டு ஒன்பது வயசுப் பிள்ளை திருப்பிப் பார்த்து வெச்சிருக்குது. எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. அதோட கூடவே அதே ஒன்பது வயசுல இம்பெல்லரைப் பார்த்துக் கேட்டவ முகமும் வந்து நின்னுச்சு. ரொம்ப நேரம் தூக்கம் வரலை.

மறுநாள் காலையில வீட்டுக்காரியிட்ட சொன்னேன். "நான் பெரியவளுக்கு ஒண்ணுமே சொல்லிக் குடுக்கலை புள்ள. அதனாலதான் காலேஜ்ல அவ்வளவு சிரமப்பட்டா. அப்பறம் எப்படியோ தானாப் படிச்சு அந்த அரியரை முடிச்சுட்டா."

அவ மோர் கடைஞ்சுட்டு இருந்தா. கையை நிறுத்தலை. "தானாவா? ஏனுங்க, அப்ப நான் சொல்லிக் குடுத்ததெல்லாம் உங்க கணக்குல வராதா?"ன்னா.

பதினாறு பதினேழு வருசம் கழிச்சு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. அரியர் பரீட்சைக்கு முன்னால லீவுல வந்திருந்தப்ப, மக புத்தகத்தை விரிச்சு வெச்சுக்கிட்டு அடுப்பாங்கரையில அழுதுட்டு இருந்திருக்கா. கூம்பைச் சாய்வா அறுத்தா வெட்டு முகம் எப்படி வரும்கறது கேள்வி. இவ அஞ்சாவது வரைக்கும் படிச்சவ. படத்தைப் பார்த்துட்டு, "இது முள்ளங்கி மாதிரி இருக்குது"ன்னு சொல்லி, கையில இருந்த முள்ளங்கியைக் குறுக்க நேரா ஒரு வெட்டு. வட்டம். சாய்ச்சு ஒரு வெட்டு. நீள் வட்டம். இன்னும் சாய்ச்சு வெட்டினா இன்னும் நீளம். நுனியைத் தொடாம செங்குத்தா ஓரமா ஒரு வெட்டு வெட்டினா ஒரு வளைவு. மக அழுகையை நிறுத்திட்டு அருவாமனையை வாங்கி அவளே வெட்ட ஆரம்பிச்சுட்டாளாம். அந்த வாரம் முழுக்க நம்ம வீட்டுல முள்ளங்கிச் சாம்பார். எனக்குச் சாம்பார் ஞாபகம் இருக்குது, காரணம் தெரியாது.

"கோலம் எத்தனை போட்டிருக்கா தெரியுமா? மார்கழியில இருபத்தோரு புள்ளி வெச்சு எங்கயும் முட்டாம இழுப்பா. ஒரு கால் பக்கம் போட்டா மிச்ச மூணு பக்கமும் அவ மனசுலயே இருக்கும். அதை ஞாபகப்படுத்திச் சொன்னேன். கோலத்தைத் திருப்பற மாதிரி இதையும் திருப்பு சாமின்னேன்"ன்னா.

நான் மோர் குடிக்காமயே எந்திரிச்சுப் போயிட்டேன். கோபம் இல்லீங்க. என் சாக்கு மேல இருந்ததை மட்டும் வேலைன்னு நெனச்சிருக்கேன். அவ அடுப்பாங்கரையிலயும் வாசல்லயும் செஞ்சது என் கண்ணுல விழவே இல்லை.

இதை மககிட்டப் போன்ல சொன்னப்ப அவ ஒரு செய்தி சொன்னா. தாம்பரத்துல சென்னை கிறித்தவக் கல்லூரியில கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணின்னு கணக்குப் பேராசிரியர்கள் இருந்தாங்களாம். அவங்களும் கமலா கிருத்திவாசன்னு இன்னொரு அம்மாவும் சேர்ந்து 1974-ல, நம்ம வாசல் கோலத்தை வெச்சுக் கணினி மொழி ஆராய்ச்சிக் கட்டுரையே எழுதியிருக்காங்க. இதை வீட்டுக்காரியிட்டச் சொன்னேன். "சரி, தண்ணி தெளிக்கோணும், தள்ளுங்க"ன்னா.

மக இன்னும் ரெண்டு விஷயம் சொன்னா. அமெரிக்காவுல மிச்சிகன் டெக்னாலஜி பல்கலைக்கழகத்துல ஷெரில் சார்பின்னு ஒரு பேராசிரியை இருந்தாங்க. அவங்களே எஞ்சினியரிங் படிக்கறப்ப இதே வரைபடப் பாடத்துல திணறினவங்களாம். 1993 வாக்குல, உருவத்தை மனசுல திருப்ப வராத முதல் வருசப் பிள்ளைங்களுக்குன்னு தனி வகுப்பு ஆரம்பிச்சாங்க. கட்டைகளைக் கையில குடுத்து அடுக்கச் சொல்லி, அதைத் திருப்பி வெச்சு வரையச் சொல்லிப் பழக்கினா, வராதுன்னு இருந்தவங்களுக்கும் வருது. அப்படித் திணறினவங்கள்ல பொம்பளைப் பிள்ளைங்க அதிகம். சின்ன வயசுல அடுக்கி, கழட்டி, மாட்டி விளையாடினவங்களுக்கு இது சுலபமா வந்திருக்குது. "அப்பா, இதைப் படிச்சப்பதான் எனக்கு மூளை இல்லாம இல்லை, சாமான்தான் கைக்கு வரலைன்னு புரிஞ்சுச்சு"ன்னா. குத்திக் காட்டற மாதிரி சொல்லலை. ஆனா எனக்குக் குத்துச்சு.

இன்னொண்ணு சிகாகோ பல்கலைக்கழகத்துல சூசன் லெவின் குழு 2011-ல எழுதினது. வீட்டுல பெத்தவங்க பிள்ளைங்ககிட்டப் பேசறதை வருசக்கணக்காப் பதிவு பண்ணிப் பார்த்திருக்காங்க. பெருசு, வளைவு, ஓரம், மூலை மாதிரி அளவையும் வடிவத்தையும் சொல்ற வார்த்தைகளை அதிகமாக் கேட்ட பிள்ளைங்க அதே வார்த்தைகளைத் தாங்களும் பேசினாங்க, நாலரை வயசுல உருவம் சம்பந்தப்பட்ட சோதனையில நல்லாவும் செஞ்சாங்க.

இதைக் கேட்ட பிறகு என் பேச்சை நானே கவனிச்சேன். "அதை எடு, இதுல வை, இப்படிப் பிடி"தான் வருது. அதை, இதை, இப்படி. இதுல பிள்ளைக்கு என்ன தெரியும்? அதுக்கப்பறம் முயற்சி பண்ணி, "வளைஞ்ச முகம் உன்னைப் பார்த்தாப்ல, பள்ளம் இருக்குற ஓரம் அடியில"ன்னு சொல்ல ஆரம்பிச்சேன். முதல்ல எனக்கே நாடகம் மாதிரி இருந்துச்சு. ஒரு வாரத்துல பேத்தி எனக்குத் திருப்பிச் சொல்றா: "அப்புச்சி, உங்க இடது பக்கமா, என் இடது பக்கமா?" எதிர் எதிரா உக்காந்திருந்தா ரெண்டும் வேறன்னு அவளாத்தான் கேட்டா.

டவுன்ல இருக்கறவங்க, எங்களுக்கு ஏது மோட்டாரும் கிணறும்னு கேப்பீங்க. குக்கர் மூடி இருக்குது, பழைய சுவர்க் கடிகாரம் இருக்குது, டார்ச் லைட், குடை, சொட்டற குழாய் இருக்குது. கரண்டு சாமான் மட்டும் வேண்டாமுங்க. பிளக்கைப் பிடுங்கிட்டாலும் கண்டன்சர்ல கரண்டு தங்கி இருக்கும், ஒரு தடவை எனக்கே அடிச்சிருக்குது. அப்பறம், நல்லா ஓடற சாமானைப் பிள்ளைகிட்டக் குடுத்துட்டு உள்ளுக்குள்ள பயந்துட்டே நிக்காதீங்க. கெட்டுப்போனதைக் குடுங்க. அதுல கெடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லை.

கடைசியா பெடல் கதை.

கொட்டாயில எங்கப்பா ஓட்டின பழைய ஹெர்குலிஸ் சைக்கிள் கிடக்குது. பேத்திக்கு அதுல குரங்குப் பெடல் போட்டுப் பழகணும்னு ஆசை. ரெண்டு பெடலும் தேஞ்சு போயி வெறும் கம்பிதான் நின்னுச்சு. கோபியில புதுசு வாங்கியாந்தேன். மண்ணெண்ணெய் விட்டு ஊறவெச்சு, ஒரு தட்டுத் தட்டிக் குடுத்தேன். வலது பக்கத்தை அவதான் கழட்டினா. ஸ்பேனர் பிடி மேல பார்த்தாப்ல மாட்டி, பாட்டில் மூடி திறக்கற பக்கமாத் தள்ளினா. கழண்டுச்சு.

இடது பக்கம் வந்தா. அதே மாதிரி தள்ளினா. வரலை. தொங்கிப் பார்த்தா, வரலை. இதுக்கு மேல விட்டா மரை போயிரும்னு நான் நிறுத்தினேன்.

"கண்ணு, இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம். மிதிக்க மிதிக்கத் தானாக் கழண்டுறக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க. வலதுக்கு ஒரு பக்கம்னா இடதுக்கு மறுபக்கம்."

எங்கப்பா எனக்குச் சொன்னது அது. நான் மகனுக்குச் சொன்னதும் அது. நாப்பது வருசமா எத்தனையோ பெடல் மாத்தியிருக்கேன்.

மாத்தித் தள்ளினா, கழண்டுச்சு. ஆனா அவ ஸ்பேனரைக் கீழ வைக்கலை. எந்திரிச்சு சைக்கிளைச் சுத்தி அந்தப் பக்கம் போனா. ஸ்பேனரைக் காத்துல பிடிச்சுத் தள்ளற மாதிரி பண்ணினா. திரும்பி இந்தப் பக்கம் வந்தா. மறுபடியும் அங்க. நான் பீடி பத்த வெச்சுக்கிட்டேன். (விட்டுடறேன்னு மககிட்டச் சொல்லியிருக்கேன், இதை அவ படிப்பான்னும் தெரியும்.)

"அப்புச்சி, எதிர்ப்பக்கம் இல்லை. ரெண்டும் ஒரே பக்கந்தான்."

"இல்லை கண்ணு, இப்பத்தானே பார்த்தே?"

"நீங்க இங்க வாங்க. ஸ்பேனர் எந்தச் சக்கரத்தைப் பார்த்துப் போகுதுன்னு பாருங்க. இந்தப் பக்கமும் பின் சக்கரம். அந்தப் பக்கம் போனாலும் பின் சக்கரம். நாமதான் சுத்தி வந்துட்டோம். சைக்கிளுக்கு ஒரே பக்கந்தான்."

பீடியைக் கீழ போட்டுட்டு எந்திரிச்சேன். வலது பக்கம் நின்னு ஸ்பேனர் பிடியை மேல வெச்சுத் தள்ளிப் பார்த்தேன். பின் சக்கரம். சுத்திப் போயி இடது பக்கம் நின்னேன். பின் சக்கரம். நாப்பது வருசம் எனக்கு அது வலது, இடது, நேர், எதிர்னு ரெண்டு விஷயம். இந்தப் பிள்ளை அதை ஒரே விஷயமாப் பார்த்துட்டு நிக்குது.

"மாட்டறப்ப?"ன்னு கேட்டேன்.

"ரெண்டும் முன் சக்கரத்தைப் பார்த்து"ன்னா. கேட்டதுக்கப்பறம் யோசிக்கக்கூட இல்லை.

அன்னைக்கு ராத்திரி மகளுக்குப் போன் பண்ணினேன். பெடல் கதையைச் சொன்னேன். சிரிச்சா. அதுக்கப்பறம் கேட்டேன்.

"அம்மிணி, 2000-ல நம்ம மோட்டாரைக் கழட்டினப்ப நீ ஒரு கேள்வி கேட்டே. உனக்கு ஞாபகம் இருக்குதா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நடுவுல இருந்து ஓரத்துக்கு யாரு தள்ளறதுன்னு கேட்டேன்."

"அதுக்கு நான் பதில் சொல்லலை."

"இல்லைப்பா. நீங்க போகச் சொன்னீங்க."

"சொல்லியிருக்கக் கூடாது சாமி."

"சரி விடுங்கப்பா"ன்னா. அதுக்கு மேல ரெண்டு பேருமே பேசலை. பேத்தி சாப்பிட்டாளான்னு கேட்டா, சாப்பிட்டான்னு சொன்னேன். வெச்சுட்டா.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்து பேத்தி போயிட்டா. போன ஞாயித்துக்கிழமை காலையில போன். பேத்திதான்.

"அப்புச்சி, கிச்சன் குழாய் சொட்டுது. மாடியில மெயின் வால்வை மூடிட்டோம். அம்மா கழட்டிட்டா. துண்டு விரிச்சு நான் வரிசையா வெச்சிருக்கேன். வாசர் நசுங்கிப் போயிருக்கு. புதுசுல ஒரு பக்கம் தட்டையா இருக்கு, ஒரு பக்கம் மேடா இருக்கு. எது கீழ?"

"பழசுல தேஞ்சிருக்கற முகம் எதுன்னு பாரு கண்ணு"ன்னு நான் ஆரம்பிக்கறதுக்குள்ள பின்னாலிருந்து மக குரல் கேட்டுச்சு.

"போனை வையி. அப்பா சொல்லிருவாரு. நாமளே பார்த்துக்கலாம்."